ஊட்டிக் குளிரில் கரையாத சவ்வு வாய்க்குள் ஏன் கரைகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் எம்.பார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர், தாடை எலும்பு மீண்டும் வளர உதவும் சவ்வை புராஜெக்டாக எடுத்திருக்கிறார். ஜெலட்டினும் கைட்டோசானும் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) கலந்து, அதில் 30% நானோ ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் தாது) போட்ட ஃபிலிம். ஆய்வக மேசையில் தண்ணீரில் போட்டு வைத்தால் மூன்று நாளானாலும் கொஞ்சம் வீங்குகிறதே தவிர கரைவதில்லை. 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் கூழ். ஜூலையில் எலக்ட்ரோஸ்பின்னிங் (உயர் மின்னழுத்தத்தில் கரைசலை நுண்நாராக இழுக்கும் முறை) செய்து பார்த்தால் நாருக்குப் பதிலாக மணிமணியாக விழுகிறது. குன்னூரில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டினால், "நனைந்ததும் கையுறையில் ஒட்டிக்கொள்கிறது, இதை எங்கே வைக்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கைடு நானோ சில்வர் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?

வேண்டாம். இப்போதைக்கு புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இருக்கிற 30% ஹைட்ராக்சிஅபடைட்டையே குறைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் சவ்வு கெடுவது கிருமியால் அல்ல, சூட்டால். ஊட்டியின் 15 டிகிரி உங்களுக்கு ஒரு பொய்யைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி மூடி வைத்தால் காலையில் தயிர்போல உறைந்திருக்கும், அடுப்பில் ஏற்றினால் இளகிவிடும். உங்கள் ஃபிலிமில் நடப்பதும் அதேதான். கொலாஜன் என்பது மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு. இந்த மூவிழை அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் முன்வைத்தார்கள். கங்காரு வால் தசைநாணை வரவழைத்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த வேலை அது. அந்த முறுக்கு பிரிந்துபோன கொலாஜன்தான் ஜெலட்டின். குளிர்ந்தால் இழைகள் அங்கங்கே மீண்டும் முறுக்கிக்கொண்டு வலைபோல் நிற்கும். 30 டிகிரியைத் தாண்டி 35-ஐ நெருங்கும்போது அந்த முறுக்குகள் அவிழ்ந்துவிடும். உங்கள் மேசையில் வேதிப் பிணைப்பு எதுவும் ஃபிலிமைப் பிடித்து வைத்திருக்கவில்லை, குளிர்தான் பிடித்து வைத்திருந்தது. வாய்க்குள் அந்தக் குளிர் கிடையாது.

இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கிறது. கைட்டோசானை அசெட்டிக் அமிலத்தில் கரைத்துத்தானே ஊற்றினீர்கள்? தண்ணீர் ஆவியானாலும் அமிலத்தில் ஒரு பகுதி போகாது. கைட்டோசானோடு சேர்ந்து அசெட்டேட் உப்பாக நிற்கும். அந்த உப்பு தண்ணீரில் கரையும். ஜெலட்டின் வலை நிற்கும்வரை இரண்டும் சேர்ந்து நிற்கும், ஜெலட்டின் இளகியதும் கைட்டோசானும் கூடவே போய்விடும். செல் பரிசோதனையில் முதல் நாளே செல்கள் சாவதற்கும் பலரிடம் இந்த மிச்ச அமிலம்தான் காரணம். பழியை மட்டும் ஹைட்ராக்சிஅபடைட்டின் மேல் போடுவார்கள்.

பொருளை மாற்றுவதற்குமுன், சவ்வுக்கு என்ன வேலை என்பதை மனதில் வையுங்கள். ஈறின் செல்கள் வேகமானவை. மேல்தோல் நாளைக்கு அரை மில்லிமீட்டருக்கும் மேல் நகரும். எலும்பு வளர்வது மைக்ரான் கணக்கில். கேரட் விதை முளைத்து வருமுன் களை பாத்தியை மூடிவிடுமே, அதுபோல் எலும்பு நிரம்ப வேண்டிய குழியை ஈறு முந்திக்கொண்டு நிரப்பிவிடும். சவ்வு அதைத் தடுக்கிற வேலி. 1982-இல் ஸ்வீடனில் நைமனும் கூட்டாளிகளும் மனிதப் பல்லில் இதை முதலில் செய்தபோது வைத்தது ஆய்வகத்து மில்லிபோர் வடிகட்டியைத்தான். மருந்தும் நானோவும் இல்லாத வெறும் வடிகட்டி. தேவையான காலம்வரை கிழியாமல், கரையாமல், உள்ளே சரியாமல் நின்றால் பாதி வேலை முடிந்தது. பல்லைச் சுற்றிய திசு குணமாக 4 முதல் 6 வாரம் நின்றால் போதும். இம்ப்ளாண்ட் வைக்குமளவு எலும்பு மேடு எழ வேண்டுமானால் 4 முதல் 6 மாதம் நிற்பது நல்லது. குறுக்குப்பிணைப்பு (இழைகளை வேதிப் பிணைப்பால் ஒன்றோடொன்று கட்டுவது) செய்யாத கொலாஜன் சவ்வு சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். ஈறு பிரிந்து சவ்வு வெளியே தெரிந்துவிட்டால் பாக்டீரியாவின் கொலாஜனேஸ் (கொலாஜனை அறுக்கும் என்சைம்) அதை இன்னும் சீக்கிரம் தின்றுவிடும். இந்தக் காலக் கணக்கைச் சரிசெய்வதே உங்கள் புராஜெக்டின் மையமாக இருக்கட்டும்.

இனி செய்முறை. சவ்வு இரண்டு அடுக்காக இருக்கட்டும்: ஈறைத் தடுக்க அடர்ந்த கீழ் அடுக்கு, எலும்பு செல் நுழையத் துளையுள்ள மேல் அடுக்கு. 90 மில்லிமீட்டர் பெட்ரி டிஷ்ஷின் பரப்பு ஏறக்குறைய 64 சதுர சென்டிமீட்டர். அதில் 2% கரைசல் 30 மி.லி. ஊற்றினால் 0.6 கிராம் பாலிமர்; காய்ந்தபின் 70 மைக்ரான் அளவில் ஃபிலிம் வரும். அடர்த்தியான கீழ் அடுக்குக்கு அது போதும். அந்த 0.6 கிராமில் ஜெலட்டின் 0.45, கைட்டோசான் 0.15 என்று தொடங்குங்கள். கைட்டோசானை 1% அசெட்டிக் அமிலத்தில் இரவு முழுக்கக் கலக்கவிட்டு நைலான் துணியில் வடிகட்டுங்கள். கரையாத துகள் ஒன்று நின்றாலும் இழுவிசைச் சோதனையில் ஃபிலிம் அந்த இடத்தில்தான் கிழியும். டீஅசெட்டிலேஷன் (அசெட்டில் குழு நீங்கிய அளவு) 85%-க்குமேல் உள்ள கைட்டோசானாகப் பார்த்து வாங்குங்கள். அதே கரைசலில் ஜெலட்டினை 45 டிகிரியில் கரையுங்கள். 60-ஐத் தாண்டி நீண்ட நேரம் வைத்தால் இழை அறுந்து வலு குறையும். டிஷ் வைக்கும் மேசையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 50, மறுபக்கம் 90 மைக்ரான் என்று வரும் ஃபிலிமில் எடுத்த எந்த எண்ணுக்கும் பொருளில்லை. காய்ந்தபின் மைக்ரோமீட்டரால் ஐந்து இடங்களில் அளந்து, 10%-க்குமேல் வித்தியாசம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

காயவைப்பதில் மட்டும் ஊட்டி உங்களுக்குச் சாதகம். அவசரப்பட்டு 40 டிகிரி ஓவனில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் காய்ந்த ஜெலட்டின் முறுக்கிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் காய்ந்துவிடும், ஃபிலிம் வலுவிழந்து உடையும். 10 முதல் 15 டிகிரியில் முதலில் உறையவிட்டு அதே குளிரில் மெல்லக் காயவிட்டால் மூவிழை முறுக்கு அதிகம் திரும்பும், ஃபிலிம் உறுதிப்படும். சமவெளிக்காரர்கள் இதற்குக் குளிர்பெட்டி தேட வேண்டும். உங்களுக்கு அறையே போதும், ஈரப்பதம்தான் எதிரி. மழைக்காலத்தில் திறந்து வைத்தால் நாலு நாளானாலும் காயாது, பூஞ்சை பூக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பரப்பி, மேலே வலைத்தட்டில் டிஷ்ஷை வையுங்கள். சிலிக்கா நிறம் மாறினால் வறுத்து மீண்டும் போடுங்கள்.

கீழ் அடுக்கு முழுக்கக் காய விடாதீர்கள். விரல் வைத்தால் லேசாக ஒட்டும் பதத்தில் இரண்டாம் அடுக்கை ஊற்ற வேண்டும். முழுக்கக் காய்ந்த ஃபிலிமின்மேல் ஊற்றினால், பின்னால் நனையும்போது இரண்டும் பழைய போஸ்டர்போல உரிந்துவரும். இரண்டாம் அடுக்கு அதே 2% கரைசல் 15 மி.லி.; ஹைட்ராக்சிஅபடைட் இதில் மட்டும் போதும். பாலிமர் 0.3 கிராம் என்பதால் 10%-க்கு 30 மி.கி., மிஞ்சினால் 60. உங்கள் 30% ஃபிலிம் மடித்தால் வெடிப்பதில் ஆச்சரியமில்லை. அந்த அளவில் துகள்கள் கட்டிபிடித்து, ஒவ்வொரு கட்டியும் ஒரு விரிசல் முனையாகிவிடுகிறது. பொடியை முதலில் சிறிதளவு தண்ணீரில் சோனிகேட் செய்து (ஒலியலையால் கட்டியை உடைத்து), பின் கரைசலோடு சேர்த்து, உடனே ஊற்றுங்கள். ஊற்றும்போது கரைசல் 30 டிகிரியில் இருக்கட்டும். 45-இல் ஊற்றினால் கீழ் அடுக்கையும் இளக்கிவிடும். ஊற்றியதும் மைனஸ் 20-இல் இரவு முழுக்க வைத்து, 48 மணி நேரம் லயோஃபிலைஸ் செய்யுங்கள் (உறைந்த நிலையிலேயே வெற்றிடத்தில் உலர்த்துங்கள்). மெல்ல உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகி துளையும் பெரிதாகும், எலும்பு செல் உள்ளே நுழைய இடம் கிடைக்கும். மைனஸ் 80-இல் துளை சிறுக்கும். அடர்ந்த பக்கம் ஈறைப் பார்த்து, துளைப் பக்கம் எலும்பைப் பார்த்து.

அடுத்தது அமிலத்தை நீக்குவது, குறுக்குப்பிணைப்புக்கு முன்னால். வரிசை மாறினால் மிச்ச அசெட்டிக் அமிலமே, குறுக்குப்பிணைப்புக்குப் போடும் இடிசி என்ற வேதிப்பொருளைத் தின்றுவிடும். 90% எத்தனாலில் 100 மி.லி.க்கு 0.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வெறும் 90% எத்தனாலில் பிஹெச் தாள் நடுநிலை காட்டும்வரை கழுவுங்கள். தண்ணீரில் நேரடியாகப் போடாதீர்கள், இந்தக் கட்டத்தில் ஜெலட்டின் வீங்கி துளைகள் அடைந்துவிடும்.

பிறகு 100 மி.லி. 90% எத்தனாலில் இடிசி ஹைட்ரோகுளோரைடு 0.96 கிராம், அதற்குத் துணையான என்ஹெச்எஸ் 0.23 கிராம்; அதாவது 50-க்கு 20 மில்லிமோலார். 24 மணி நேரம். இடிசி ஜெலட்டினின் கார்பாக்சில் குழுக்களை அமீன் குழுக்களோடு நேரடியாகக் கட்டிவிட்டு, தான் யூரியா வகைச் சேர்மமாகக் கழுவலில் போய்விடும். குளுட்டரால்டிஹைடு இதைவிட மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அது சவ்வுக்குள்ளேயே தங்கும், மெல்லக் கசிந்து செல்களைக் கொல்லும். தேர்வுக்காகச் செய்வதானாலும் அந்தப் பழக்கம் வேண்டாம். முடிந்ததும் 0.1 மோலார் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டில் இரண்டு முறை, பின் காய்ச்சி வடித்த தண்ணீரில் நாலைந்து முறை கழுவி, மீண்டும் உறையவைத்து லயோஃபிலைஸ் செய்யுங்கள். காற்றில் காயவிட்டால் மேல் அடுக்கின் துளைகள் அப்பளம்போல அமுங்கிவிடும்.

இடிசி பாட்டிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மைனஸ் 20-இல் இருந்து எடுத்ததும் மூடியைத் திறந்தால், மூடுபனி நாளில் ஊட்டிக் காற்று முழுக்க உள்ளே இறங்கும். ஈரம் பட்ட இடிசி சத்தமில்லாமல் செத்துவிடும். பொடி பார்க்க அப்படியேதான் இருக்கும். "போன மாதம் வேலை செய்த புரோட்டோகால் இந்த மாதம் செய்யவில்லை" என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். பாட்டில் அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருங்கள். இடிசிக்குப் பதில் ஜெனிப்பின் (தாவரத்திலிருந்து வரும் குறுக்குப்பிணைப்பி) பயன்படுத்துவதானால் வேறு சிக்கல்: அது குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். சூடேற்றலாம் என்று தண்ணீர்க் கரைசலில் 37-க்குக் கொண்டுபோனால் பிணைப்பு விழுமுன் ஜெலட்டின் இளகும். 25 டிகிரியில் இரண்டு நாள் வைப்பது நடு வழி. சவ்வு கருநீலமாகும், அந்த நீலம் எம்டிடி அளவீட்டிலும் (செல் உயிர்ப்பை நிறத்தால் அளக்கும் சோதனை) குறுக்கிடும்.

இப்போது எலக்ட்ரோஸ்பின்னிங். மணிமணியாக வந்தால் எல்லோரும் முதலில் வோல்டேஜைத்தான் திருகுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது கரைசலின் அடர்வு. மெலிந்த கரைசல் ஜெட்டாக நீளாமல் துளியாக உடையும். இரண்டாவது ஈரப்பதம். ஜூலை ஊட்டியில் தண்ணீர் சார்ந்த ஜெலட்டின் கரைசல் பறக்கும்போது காய்வதே இல்லை, நார்கள் தட்டில் விழுந்து ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பத்தாததற்கு, 15 டிகிரியில் ஜெலட்டின் சிரிஞ்சுக்குள்ளேயே உறைந்து ஊசியை அடைக்கும். வழி, தண்ணீரை விட்டுவிடுவது. ட்ரைஃபுளோரோஎத்தனாலில் பிசிஎல்லும் (பாலிகேப்ரோலாக்டோன், மெல்லக் கரையும் செயற்கைப் பாலிமர்) ஜெலட்டினும் 50:50, மொத்தம் 10%. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. சில மணி நேரத்தில் பால்போல் கலங்கிப் பிரியும், முதல் நாரும் கடைசி நாரும் வேறு வேறு ஆகும். 0.2% அசெட்டிக் அமிலம் சேர்த்தால் கலக்கம் தெளிந்துவிடும். மிகச் சிறிய அளவுதான், ஆனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மணிக்கு 1 மி.லி., 15 கிலோவோல்ட், 12 முதல் 15 சென்டிமீட்டர் தூரம் என்று தொடங்கி, பெட்டிக்குள் ஈரப்பதத்தை 40 முதல் 50% வரை வையுங்கள். ஈரம் போக்கும் கருவியைப் பெட்டிக்கு வெளியே வைத்துக் காய்ந்த காற்றைக் குழாயில் உள்ளே விடுங்கள். ரூம் ஹீட்டரைப் பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கரைப்பான் ஆவி, உயர் மின்னழுத்தம், சிவந்த காயில் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. பிசிஎல் கரைய இரண்டு ஆண்டுக்கு மேலாகலாம், 60 டிகிரியில் உருகும், ஆகவே ஆட்டோகிளேவ் கிடையாது.

ஆட்டோகிளேவ் என்றதும் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பஃபரும் கண்ணாடிச் சாமானும் அதில்தானே வைக்கிறீர்கள்? ஊட்டி 2,240 மீட்டர் உயரம், வெளிக் காற்றழுத்தம் ஏறக்குறைய 11 பிஎஸ்ஐ மட்டும்தான். பிரஷர் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தம். கடல்மட்டத்தில் 15 பிஎஸ்ஐ என்றால் 121 டிகிரி. ஊட்டியில் அதே 15-க்கு 117 தான். கேஜைப் பார்த்து ஓட்டும் பழைய செங்குத்து ஆட்டோகிளேவில் 15 நிமிடம் வைத்து எடுத்தால் ஸ்டெரிலைஸ் ஆனதாக நம்பக் கூடாது. பாதுகாப்பு வால்வு தாங்குமானால் 18.5 பிஎஸ்ஐக்கு ஏற்றுங்கள், இல்லையென்றால் 40 நிமிடம் வையுங்கள். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

சோதனைக்கு வருவோம். இனி எந்தச் சோதனையும் 37 டிகிரியில், நனைந்த நிலையில். உலர்ந்த ஃபிலிமின் இழுவிசை எண் அழகாக இருக்கும். நனைந்ததும் பல சமயம் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அறுவைசிகிச்சையில் இருக்கப்போவது நனைந்த சவ்வு. பாஸ்பேட் பஃபரில் 0.02% சோடியம் அசைடு போட்டு, 1, 7, 14, 28-ஆம் நாள்களில் எடை பாருங்கள். அசைடு நஞ்சு, கையுறை வேண்டும், அந்தத் துண்டுகளைச் செல் சோதனைக்குக் கொண்டுபோகக் கூடாது. கொலாஜனேஸ் சோதனையைப் பாஸ்பேட் பஃபரில் செய்யாதீர்கள். அந்த என்சைமுக்குக் கால்சியம் வேண்டும், கால்சியத்தைப் போட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும், "என் சவ்வு கரையவே இல்லை" என்று மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். ட்ரிஸ் பஃபர், பிஹெச் 7.4, கால்சியம் குளோரைடு 5 மில்லிமோலார். செல் நஞ்சுச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 10993-இன்படி அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனானால் 6 சதுர சென்டிமீட்டருக்கு 1 மி.லி. மீடியம், உயிர்ப்பு 70%-க்குக் கீழே போனால் தோல்வி. உங்கள் சவ்வே மீடியத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அந்த அளவைத் தனியே அளந்து கூடுதலாக ஊற்றுங்கள்.

சில்வர் ஏன் வேண்டாம் என்றால், கிருமியைக் கொல்லும் அளவுக்கும் எலும்பு செல்லைத் துன்புறுத்தும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. நாரில் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே தாண்டிவிடுவீர்கள். கைடு ஏதாவது மருந்து வேண்டும் என்றே நின்றால் டாக்சிசைக்ளினைச் சொல்லுங்கள். கிருமியை அடக்குவதோடு, திசுவின் கொலாஜனேஸையும் அது தடுக்கும். சவ்வு கரைவது தாமதமாகும், உங்கள் மையக் கேள்விக்கும் அது பொருந்தும். ஹைட்ராக்சிஅபடைட்டின் கால்சியத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் முதல் நாளே மொத்தமும் கொட்டிவிடாமல் மெல்ல வெளிவரவும் வாய்ப்பு உண்டு. வெளிச்சம் ஆகாது, அம்பர் பாட்டிலில் வையுங்கள். ஆனால் இதெல்லாம் 28 நாள் சோதனையில் வெறும் சவ்வு நின்ற பிறகு.

குன்னூர் மருத்துவரிடம் மீண்டும் போகும்போது எண்களைக் காட்டாதீர்கள், நனைந்த சவ்வைக் கொடுங்கள். அவர் பார்ப்பது: உமிழ்நீர் பட்டதும் அரை நிமிடத்தில் மேட்டின்மேல் படிகிறதா, கத்தரித்தால் ஓரம் பிசிறடிக்கிறதா, தையல் ஊசி குத்திய துளை கிழிந்து நீள்கிறதா, ஒரு தடவை இடம் மாற்றி வைத்தால் தாங்குமா. குழியின் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் படியும்படி அவர் வெட்டிக்கொள்வார். இந்த மாதிரி மென்மையான சவ்வு தானாகக் கூடாரம்போல் நிற்காது. அடியில் எலும்புத் துகளோ டென்டிங் ஸ்க்ரூவோ (சவ்வைக் கூடாரக் கம்பம்போல் தாங்கும் சிறு திருகு) வேண்டும். ஆய்வேட்டில் அதை நேராக எழுதிவிடுங்கள், "இடம் காக்கும்" என்று உரிமை கொண்டாட வேண்டாம். ஜெலட்டின் பன்றியா மாடா என்பதையும் கேட்பார். நோயாளிகள் அவரிடம் கேட்கிறார்கள், அவருக்குப் பதில் வேண்டும். மீன் கொலாஜனுக்கு மாறலாமே என்றால் இனத்தைப் பாருங்கள். குளிர்கடல் மீனின் கொலாஜன் 20 டிகிரிக்குள்ளேயே அவிழ்ந்துவிடும், வெப்பநீர் மீனினுடையது 30-ஐத் தாண்டி நிற்கும். எதுவானாலும் குறுக்குப்பிணைப்பு இல்லாமல் 37-ஐத் தாங்காது.

நனைந்தபின் எது அடர்ந்த பக்கம், எது துளைப் பக்கம் என்று கண்ணால் தெரியாது. ஆகவே காய்ந்த நிலையிலேயே நீள்செவ்வகத் துண்டை அடர்ந்த பக்கம் தெரிய நெடுக்காக வைத்து, வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டு, நெடுக்காக வைத்து அந்த மூலை வலது மேலே இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவது ஈறுப் பக்கம் என்று கவரில் எழுதுங்கள். மாதிரிகளைக் காமா கதிருக்கோ எத்திலீன் ஆக்சைடுக்கோ கீழே அனுப்பும்போது மேட்டுப்பாளையம் வெக்கையில் குளிர்ந்த கவரைத் திறந்தால் உள்ளே நீர் கோர்த்து, இத்தனை பாடுபட்டுக் காய வைத்த துளைகள் அடைந்துவிடும். கவர் வெளிச்சூட்டுக்கு வந்தபின்தான் பிரிக்க வேண்டும் என்பதையும் கவரின்மேலேயே பெரிதாக எழுதி அனுப்புங்கள்.